கட்டடத்துக்கு லைசென்ஸ், கைக்குச் சந்தேகம்

தமிழ்நாட்டில் வடை சுட்டு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பட்டாசு விற்க லைசென்ஸ். கல் உடைக்க லைசென்ஸ். அம்மன் கோயில் பொங்கலுக்கு மைக் செட் கட்டப் போலீஸ் அனுமதி. முன்பின் தெரியாத ஒருவனைக் குப்புறப் படுக்கப்போட்டு அவன் கழுத்தைப் பிடித்துத் திருப்ப மட்டும் ஒன்றும் வேண்டாம். மசாஜ் தெரபிஸ்ட் என்ற தொழிலுக்கு மத்திய அரசும் லைசென்ஸ் கொடுப்பதில்லை, மாநில அரசும் கொடுப்பதில்லை. 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் போட்டது. 10 பிரிவுகள், 50-க்கும் மேற்பட்ட தொழில்கள். பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், எக்ஸ்ரே எடுப்பவர் இருக்கிறார். எண்ணெய் தொட்டு உடம்பு பிடிப்பவரை எந்தப் பிரிவிலும் காணோம்.

நாட்டிலேயே இல்லாத அந்த லைசென்சைத்தான் மூன்றே மாதத்தில் வாங்கித் தருகிறோம் என்று காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ‘அரசு அங்கீகாரம்’, ‘நூறு சதவீத வேலை’, ‘துபாய், மலேசியா வாய்ப்பு’. போஸ்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குப்புறப் படுத்திருக்க, முதுகில் வரிசையாகக் கறுப்புக் கற்கள். கல்லுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆவியூர்ப் பக்கம் மலையையே உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். உடைக்கிறவன் முதுகை நீவத்தான் ஆளில்லை.

உடம்பு வலி என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் இந்த வறண்ட காட்டுக்கு வாருங்கள். கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரிமூட்டம் போடுகிறவர்களின் தோள்பட்டையைத் தொட்டுப் பாருங்கள், கல்லாக இருக்கும். அருப்புக்கோட்டைக் குழித்தறியில் ஆயுசு முழுக்கக் காலால் மிதித்த நெசவாளி எழுந்து நிற்க எத்தனை நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். நூறு நாள் வேலையில் மண்சட்டி சுமந்த அக்காமாருக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பையன், தான் இந்த உடம்பு இல்லை என்று கண்டுகொண்டு 1896-ல் திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று கும்பிடுகிறது. அதே வட்டாரத்தில் மற்றவர்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. நாங்கள் இந்த உடம்புதான். அதை வைத்துத்தான் கூலி.

இந்த உடம்புகளை இத்தனை காலம் யார் பார்த்தார்கள்? மல்லாங்கிணறு பக்கம் ஒரு ஊரில் ஒரு அப்பத்தா இருக்கிறார். சுளுக்கு வழிப்பார், குழந்தைக்கு உரம் எடுப்பார், குடலேற்றம் பார்ப்பார். வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தக் காலை ஊன்றுகிறான் என்று கவனித்துவிடுவார். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி, வலிக்கிற இடத்தை விட்டு ஒரு சாண் மேலே ஆரம்பிப்பார். பெருவிரல் நரம்போடு இறங்கும். “சோறு தின்னியாய்யா?” என்று கேட்பார். பதில் சொல்ல வாயெடுக்கிற அந்த நொடியில் சொடுக்கிவிடுவார். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் கையே வைக்க மாட்டார். “இது நம்ம வேலை இல்லய்யா, மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போ” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி வீங்கிய காலுக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைக்கலாம் என்று மருத்துவக் கல்லூரியில் வகுப்பெடுத்துச் சொல்கிறார்கள். அப்பத்தாவுக்கு அது வகுப்பில்லாமல் வந்த பயம்.

எல்லா அப்பத்தாக்களும் இப்படியல்ல. எலும்பு முறிவைச் சுளுக்கு என்று வழித்துக் காலைக் கோணலாக்கி அனுப்பிய கைகளும் இதே ஒன்றியத்தில் உண்டு. சலூன் நாற்காலியில் கழுத்தைச் சொடுக்கெடுக்கப் போய், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளே பேசுகின்றன. சர்க்கரை வியாதிக்காரன் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. சுடுகிற எண்ணெயை ஊற்றினாலும் ‘நல்லா இருக்கு’ என்பான், தோல் வெந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் பயிற்சி வேண்டும், பரீட்சை வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்கிறேன். என் சண்டை லைசென்சோடு இல்லை, அதைக் கொடுக்காமலே கேட்கிறவர்களோடு.

இந்தத் தொழிலை ஏன் எந்தச் சட்டமும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் தேடி டெல்லிக்குப் போக வேண்டாம், ஊருக்குள் நடந்தாலே போதும். பிரசவம் பார்த்தது, புண்ணை அறுத்துக் கட்டியது, சுளுக்கு வழித்தது, முடி வெட்டியது எல்லாம் ஒரே தெருக் கைகள். ஊரே அந்தக் கைகளில்தான் பிறந்தது. பிறந்து வளர்ந்து வேட்டி கட்டியதும் அதே ஊர், அந்தத் தெருக்காரரைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னது, களத்தில் கம்பும் சோளமும் அளந்து போட்டது, பந்தியில் கடைசியில் உட்கார வைத்தது. தன் தாய்க்குப் பிரசவம் பார்த்த மனுஷியை “ஏ கிழவி” என்று அழைக்கும் இருபது வயது வீரர்களை நானே பார்த்திருக்கிறேன். தொடுவது கீழான வேலை, தொடாமல் மருந்துச்சீட்டு எழுதுவது மேலான வேலை. இந்தப் பாகுபாட்டை ஆங்கிலேயன் கொண்டு வரவில்லை. நம் முன்னோர் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து இது, நாமும் வில்லங்கமில்லாமல் அனுபவித்து வருகிறோம்.

2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் வழக்கில், பட்டமும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது போலி வைத்தியம்தான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. சரி, சட்டம் சட்டம்தான். பட்டம் வாங்க எங்கே போவது? சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அதில் ஒன்று தொக்கணம், அதாவது இந்தப் பிடித்துவிடும் கலை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று 9 வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துச் சித்த மருத்துவர் ஆக ஐந்தரை ஆண்டு, அதற்கு முன்னால் நீட். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசுக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்த டாக்டர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து கரிமூட்டக்காரர் முதுகை நீவப்போவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, வெளியே வரிசை நிற்கிறது.

நீவுவதற்கென்று அரசிடம் ஒரு படிப்பு இல்லாமல் இல்லை. நர்சிங் தெரபி என்ற பட்டயப் படிப்பு, இரண்டரை ஆண்டு, சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் நடக்கிறது. படித்தவர்கள் அரசுச் சித்தா பிரிவுகளில் சிகிச்சை உதவியாளர் ஆகலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? காரியாபட்டி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளிடம் விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்த பிள்ளைகளுக்கு ‘ஸ்பா’ தெரிந்திருந்தது, அரும்பாக்கம் தெரியவில்லை. தெரிந்தாலும் அறிவியல் குரூப் எடுத்திருக்க வேண்டும். 2023 மே மாதம் நிதி அமைச்சர் நாற்காலியே மல்லாங்கிணறுக்காரரான எங்கள் திருச்சுழி எம்.எல்.ஏ. தங்கம் தென்னரசுவிடம் வந்தது. மல்லாங்கிணறு கோட்டை வரைக்கும் போய்விட்டது. எங்கள் பிள்ளைதான் அரும்பாக்கம் வரைக்கும் போகவில்லை. சித்த மருத்துவத்துக்குத் தனிப் பல்கலைக்கழகமே கொண்டு வருகிறோம் என்று 2022 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது ஆளுநர் மாளிகைக்குப் போனது. 2025 அக்டோபரிலும் சட்டமன்றம் ஆளுநரோடு அதே பல்கலைக்கழகத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சண்டையில் கதவு மட்டும் சாத்தியே கிடந்தது.

டெல்லி சும்மா இருந்ததா? 2018-ல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பாக்கியம் எங்கள் விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் கிடைத்தது. மதிப்பெண் போடும் தலைப்புகளில் திறன் மேம்பாடும் உண்டு. அதற்கு முன்பே, 2015 ஜூலை 15-ல், பிரதமர் பெயரில் திறன் பயிற்சித் திட்டம் தொடங்கியாயிற்று. அதில் ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு 12 மணி நேர அறிமுக வகுப்பு, பிறகு ஒரு தேர்வு, தேறினால் சான்றிதழ் என்று ஒரு வழி வைத்தார்கள். தேறியவருக்கு 500 ரூபாய் பரிசு. எங்கள் அப்பத்தாவுக்கு அல்லவா முதல் சான்றிதழ் வந்திருக்க வேண்டும்? வரவில்லை. யாருக்குப் போனது என்று கேட்டால் பெயர் சொல்வது சிரமம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கையைப் பாருங்கள்: திட்டத்தில் பதிவான 95 லட்சத்துச் சொச்சம் பேரில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம், ‘இல்லை’, அல்லது வெறும் காலியிடம். மீதியிலும் 11111111111 மாதிரி எண்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கோடு போட்டுப் பழகுகிற மாதிரி கணக்கு எழுதியிருக்கிறார்கள். திறன் பயிற்சி இல்லை என்று யார் சொன்னது? இதைவிடத் திறன் வேறென்ன வேண்டும்?

இந்தச் சூழ்நிலையில்தான் போஸ்டர் ஜெயிக்கிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, வணிகவியல் குரூப், அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அம்மாவின் காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போனது. மதுரையில் ஒரு மாடி அறை. ஒரே ஒரு மசாஜ் கட்டில், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. பொம்மைக்கு இடது கை உடைந்து போயிருந்தது. அதனால் அந்த பேட்ச் முழுவதும் வலது கை பிடிக்க மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தது. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, அரோமா என்று மேடம் போனில் வீடியோ போட்டுக் காட்டினார். வரவேற்பறையில் குனிந்து வணக்கம் சொல்வது எப்படி என்பதற்கு ஒரு வாரம். கஸ்டமர் மனம் கோணாமல் சிரிப்பது எப்படி என்பதற்கு இன்னொரு வாரம். வீங்கிய கெண்டைக்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சர்க்கரைப் பாதம் பற்றி இல்லை. வேறு எண்ணத்தோடு வருகிறவனை எப்படி வெளியே அனுப்புவது, அனுப்பினால் ஓனர் சம்பளத்தைப் பிடித்தால் யாரிடம் போவது, அதுவும் இல்லை. சிரிக்க மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்.

இப்படிப் பயிற்சி முடித்து வேலைக்குப் போகிறவளுக்கு நம் தினசரிகள் புதுப் பெயர் தயாராக வைத்திருக்கின்றன. ‘மசாஜ் சென்டரில் அதிரடிச் சோதனை: அழகிகள் மீட்பு.’ எந்த ஊர்ப் பதிப்பையும் புரட்டிப் பாருங்கள். பயிற்சி எடுத்தவளா எடுக்காதவளா, விரும்பி வந்தாளா ஏமாந்து வந்தாளா, அதெல்லாம் செய்தி இல்லை. அழகி, அவ்வளவுதான். மீட்டவர்கள் அவளைக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். ஓனர் தலைமறைவு. கஸ்டமர் யார் என்பது மட்டும் கடைசி வரை அரசு ரகசியம். இந்தத் தொழிலின் பெயரைச் சொல்லிப் பெண்களை அடைத்து வைத்துச் சம்பாதிக்கும் கும்பல்கள் இருப்பது உண்மை, அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். பயிற்சி எடுத்தவருக்கு ஒரு பதிவெண் இருந்தால் யார் தெரபிஸ்ட், யார் அடைபட்டவள் என்று இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நிமிடத்தில் தெரியும். அது இல்லாத வரைக்கும் எல்லோரும் அழகி.

நீதிமன்றங்களும் இந்தத் தொழிலைப் பார்த்தன. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், மாநிலம் முழுக்க ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சிசிடிவி கேமரா வைக்க வழி செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அப்படிக் கேமரா வைப்பது ஒருவரின் அந்தரங்கத்தில் கை வைப்பது என்றார். 2021-லேயே டெல்லி அரசு ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மசாஜ் செய்யக் கூடாது என்று விதி போட, அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கதவு, தாழ்ப்பாள், கேமரா, ஆண், பெண் என்று எல்லாவற்றையும் அலசியாயிற்று. எனக்கு மதுரைத் தீர்ப்புதான் சரியென்று படுகிறது. உடம்பு வலிக்குப் படுத்தவனை டிவியில் பார்ப்பது என்ன நாகரிகம்? ஆனால் இத்தனை களேபரத்திலும் நம் மாநிலத்தில் யாரும் ஆணையிடாத ஒன்று உண்டு: பிடித்துவிடுகிற கைக்குப் பயிற்சி, பரீட்சை, பதிவு. உள்ளாட்சி அலுவலகம் கடைக்குத் தொழில் உரிமம் கொடுக்கிறது. சதுர அடி பார்க்கும், தீயணைப்புக் கருவி கேட்கும். கட்டில் மேல் குனிந்து நிற்கிற மனுஷி அதன் கண்ணில் படுவதே இல்லை.

மற்ற நாட்டுக்காரனும் மனிதன்தான். ஜப்பானில் மூன்று ஆண்டு படித்துத் தேசியத் தேர்வு எழுதினால்தான் கையில் லைசென்ஸ். பார்வையற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கௌரவமாகச் செய்த தொழில் அங்கே அது. தென் கொரியாவில் பார்வையற்றோருக்கு மட்டுமே லைசென்ஸ் என்று சட்டமே இருக்கிறது. தாய்லாந்தில் வாட் போ கோயிலிலேயே பள்ளிக்கூடம், 1955 முதல். 2019-ல் யுனெஸ்கோ தாய் மசாஜை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. அங்கே கை வைக்கு முன் குருவென்று யாரைக் கும்பிடுகிறார்கள் தெரியுமா? ஜீவகனை. புத்தருக்கு வைத்தியம் பார்த்த, மகதத்து ஜீவகனை. நம் ஆளைக் கும்பிட்டு அவர்கள் யுனெஸ்கோ வாங்கினார்கள். நாம் நம் ஆளைக் கொல்லைப்புறம் வரச் சொல்லிவிட்டு, மதுரை பைபாஸில் ‘தாய் ஸ்பா’ என்று போர்டு மாட்டினோம்.

அரசு நாளைக்கே லைசென்ஸ் கொண்டு வந்தால் விண்ணப்பப் படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர், தகப்பனார் பெயர், சாதிச் சான்று எண், காவல் துறை நன்னடத்தைச் சான்று, ஜி.எஸ்.டி. எண். கடைசிப் பக்கத்தில், இடமிருந்தால், ‘தொழில் தெரியுமா? ஆம் / இல்லை’. வீங்கிய காலைக் கண்டால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி வைத்தால் போதும், பாதிக் கடை சாத்திவிடும். அதனால்தான் வைக்க மாட்டார்கள். எங்கள் அப்பத்தா போன்றவர்களை உட்கார வைத்து, முறிவையும் சுளுக்கையும் பிரித்துப் பார்க்க ஒரு சித்த மருத்துவர் பக்கத்திலிருந்து ஆறு மாதம் சொல்லிக்கொடுத்து, தேறியவருக்கு ஒரு எண்ணும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு கட்டிலும் கொடுக்க எத்தனை கோடி ஆகிவிடும்? ஒரு திட்டத் தொடக்க விழாவின் பந்தல் செலவுக்குள் ஒரு ஒன்றியத்தையே முடித்துவிடலாம்.

மதுரைக்குப் படிக்கப் போன எங்கள் தெருப் பெண் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். வரன் பார்க்கிறார்கள்.

“என்ன படிச்சிருக்கான்னு கேட்டா என்னடி சொல்ல?” என்றார் அம்மா.

“பிசியோதெரபின்னு சொல்லும்மா.”

“அப்டின்னா என்னன்னு கேட்டா?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.”



அம்மா விடவில்லை. காதை மீட்க வேண்டுமே. மகளையும் கூட்டிக்கொண்டு மதுரை மாடி ஏறினார். “நூறு சதவீத வேலைன்னீங்க, லைசென்ஸுன்னீங்க. இது செல்லாதுன்னு துபாய்க்கு ஆள் எடுக்கிற ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க தாயி. கட்டுன பணத்துல பாதியாவது குடுங்க” என்றார். மேடம் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, சொல்லிக்கொடுத்தபடியே சிரித்தார்.

“மடிச்சுக் கொண்டு போயிருக்கீங்கம்மா, அதான் எடுத்துக்கல. லேமினேட் பண்ணிக் குடுங்க, எடுத்துக்குவாங்க. கீழ கடை இருக்கு. நம்ம பேரச் சொன்னா நூறு ரூபா.”